எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது வரும் முன்னேற்ற வரியை வடிகட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ, ஆடியோ கோப்புகளை மாற்றும் கட்டளைவரி நிரலான எஃப்எஃப்எம்பெக்கிடம் ஒரு வீடியோவைக் கொடுத்து வேறு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால், திரையின் அடியில் ஒரே ஒரு வரி துடித்துக்கொண்டே இருக்கும். எத்தனை ஃபிரேம் முடிந்தது, வீடியோவில் எந்த நேரம்வரை வந்தாயிற்று, என்ன வேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதிலிருந்து நேரத்தை மட்டும் பிரித்தெடுத்து நம் ஸ்கிரிப்ட்டில் காட்டிவிடலாம் என்று இறங்கினால், பத்து நிமிட வேலை என்று நினைத்தது ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அப்போது நான் கேட்டுக்கொண்ட கேள்விகளும், பிறகு நண்பர்கள் கேட்டவையும் இங்கே இருக்கின்றன.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். லினக்ஸும் பாஷ் ஷெல்லும் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பைப் போட்டு கிரெப்புக்கு அனுப்பினேன். எதையும் வடிகட்டாமல் எல்லாம் அப்படியே திரைக்கு வருகிறதே?

நீங்கள் தட்டியது இப்படி இருந்திருக்கும்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்கேவி பாடம்.எம்பி4 | கிரெப் டைம்

பைப் குறி (|) ஒரு நிரல் எழுதுவதை அடுத்த நிரலுக்கு அனுப்பும். கிரெப், கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் காட்டும் நிரல். ஒரு நிரலுக்கு வெளியே எழுத இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று ஸ்டாண்டர்டு அவுட்புட், அதன் எண் 1. மற்றது ஸ்டாண்டர்டு எரர், எண் 2. பைப் குறி முதல் வாயில் வருவதை மட்டும்தான் பிடிக்கும். எஃப்எஃப்எம்பெக் பேசுவதெல்லாம் இரண்டாவது வாயில். அதனால் கிரெப் வெறுமனே காத்துக்கொண்டிருக்கிறது, வரிகள் அதைத் தாண்டி நேரே திரைக்குப் போகின்றன.

தவறு எதுவும் நடக்காதபோது ஏன் எரர் பக்கம் எழுத வேண்டும்?

எரர் என்ற பெயர்தான் குழப்புகிறது. எஃப்எஃப்எம்பெக் மாற்றிய வீடியோவைக் கோப்பில் எழுதாமல் ஸ்டாண்டர்டு அவுட்புட் வழியாகவே அடுத்த நிரலுக்கு அனுப்ப முடியும். அந்த வழியில் 'ஃபிரேம்=1480' என்று ஒரு வரி கலந்தால் வீடியோ கெட்டுவிடும். ஆகவே சரக்குக்கு ஒரு வாசல், பேச்சுக்கு இன்னொரு வாசல்.

சரி, 2>&1 சேர்த்து இரண்டையும் ஒன்றாக்கினேன். இப்போது வேலை முடியும்வரை எதுவும் வரவில்லை. முடிந்ததும் ஒரு பெரிய மூட்டையாக வந்து விழுகிறது.

இங்கேதான் பெரும்பாலானோர் நிற்கிறார்கள். திரையில் நீங்கள் பார்ப்பது ஒரே வரி அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான வரிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் புதுவரிக் குறி கிடையாது. அதற்குப் பதிலாக கேரேஜ் ரிட்டர்ன் என்ற குறி இருக்கிறது, பேக்ஸ்லாஷ் ஆர் என்று எழுதுவோமே, அதுதான். தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நெம்புகோலைத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போய் நிற்கும், தாளும் ஒரு வரி மேலே ஏறும். தாள் ஏறாமல் வண்டி மட்டும் திரும்பினால் என்ன ஆகும்? அடித்த வரியின் மேலேயே மறுபடி அடிப்பீர்கள். எஃப்எஃப்எம்பெக் செய்வது அதைத்தான்.

கிரெப்போ புதுவரிக் குறியை வைத்துத்தான் வரியைக் கணக்கிடும். அந்தக் குறி வரும்வரை 'இன்னும் வரி முடியவில்லை' என்று சேர்த்துக்கொண்டே போகும். எஃப்எஃப்எம்பெக் கடைசி முன்னேற்ற வரிக்கு மட்டும் உண்மையான புதுவரிக் குறி போடுகிறது. அப்போதுதான் கிரெப்புக்கு முழு வரி கிடைக்கிறது, மூட்டையும் அவிழ்கிறது.

கேரேஜ் ரிட்டர்னைப் புதுவரியாக மாற்ற டிஆர் என்ற சின்ன நிரல் போதும். அதே வேலையை, வரிகளில் சொற்களை மாற்றும் செட் நிரலைக் கொண்டு செய்யலாமே என்று பலருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் செட்டும் கிரெப்பைப் போலவே புதுவரிக் குறி வந்தபிறகுதான் ஒரு வரியைக் கையில் எடுக்கும். கிரெப் மாட்டிய பொறியிலேயே அதுவும் மாட்டும்.

டிஆரும் போட்டாயிற்று. வரிகள் வருகின்றன, ஆனால் ரொம்ப நேரம் கழித்துக் கும்பலாக வருகின்றன.

இது மூன்றாவது முடிச்சு, பஃபர். லினக்ஸில் சாதாரண சி நிரல் ஒன்று நேராகத் திரைக்கு எழுதினால் ஒவ்வொரு வரியாக வெளியே விடும். பைப்புக்குள் எழுதும்போது அப்படி விடாது. 4096 பைட் சேரும்வரை கையிலேயே வைத்திருந்து மொத்தமாகத் தள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முன்னேற்ற வரி சுமார் 90 பைட். அரை நொடிக்கு ஒன்று வருகிறது. 4096 பைட் நிரம்ப 45 வரி, அதாவது 20 நொடிக்கு மேல். இது டிஆர் கையில் தங்குவது மட்டும். அதற்கடுத்து கிரெப் -ஓ போட்டு நேரத்தை மட்டும் வெட்டி இன்னொரு நிரலுக்கு அனுப்பினால், ஒரு துண்டு 17 பைட்தான். 240 துண்டு சேர வேண்டும். இரண்டு நிமிடம் ஆகிவிடும். வெட்டுவது எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவு தாமதம்.

மருந்து ஒவ்வொரு நிரலுக்கும் வேறு. கிரெப்புக்கு --லைன்-பஃபர்டு. செட்டுக்கு -யு. வரிகளைச் சொற்களாகப் பிரித்துக் கையாளும் ஆக் நிரலில் பிரிண்ட்டுக்குப் பின்னால் எஃப்ஃபிளஷ்() எழுத வேண்டும். உங்கள் கணினியில் இருப்பது மாக் வகை ஆக் என்றால், உள்ளே வருவதையும் அது தேக்கி வைக்கும், -டபிள்யூ இன்டராக்டிவ் கொடுங்கள். டிஆருக்கு அப்படி ஒரு விருப்பம் கிடையாது. அதன் முன்னால், பிற நிரலின் பஃபரை மாற்றித் தரும் எஸ்டிடிபஃப் நிரலை -ஓஎல் உடன் சேர்க்க வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்கேவி பாடம்.எம்பி4 2>&1 | எஸ்டிடிபஃப் -ஓஎல் டிஆர் '\ஆர்' '\என்' | கிரெப் -ஓ 'டைம்=[^ ]*'

கடைசியில் இருக்கும் கிரெப் திரைக்கு எழுதுவதால் அதற்கு எதுவும் வேண்டாம். நடுவில் நிற்பவர்களைத்தான் தட்டி எழுப்ப வேண்டும். 'கிரெப்பில்தான் லைன் பஃபர்டு போட்டேனே, ஏன் வரவில்லை' என்று கேட்பவர்களின் கட்டளையைப் பார்த்தால், பெரும்பாலும் டிஆர்தான் சத்தமில்லாமல் பிடித்து வைத்திருக்கும்.

இவ்வளவு சுற்றாமல் நேர்வழி இல்லையா?

இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்ட வரியை நிரல் படிக்க முயன்றதால் வந்த வினை. நிரல் படிப்பதற்கென்றே எஃப்எஃப்எம்பெக் தனியாக ஒன்று தருகிறது. அதன் பெயர் -புரோகிரஸ்.

எஃப்எஃப்எம்பெக் -வி எரர் -நோஸ்டாட்ஸ் -நோஸ்டிடின் -ஒய் -புரோகிரஸ் பைப்:1 -ஐ பாடம்.எம்கேவி பாடம்.எம்பி4 | கிரெப் '^அவுட்_டைம்='

முன்னால் உள்ள மற்ற விருப்பங்கள் எதற்கு என்று கீழே வரும். பைப்:1 என்றால் ஸ்டாண்டர்டு அவுட்புட். அதனால் 2>&1 தேவையில்லை. ஒவ்வொரு தகவலும் தனி வரி, முடிவில் உண்மையான புதுவரிக் குறி. அதனால் டிஆர் தேவையில்லை. ஒவ்வொரு தொகுதியையும் எழுதிய கையோடு எஃப்எஃப்எம்பெக்கே வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் அதன் பக்கம் பஃபர் தொல்லையும் இல்லை. ஒரு தொகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஃபிரேம்=1480
எஃப்பிஎஸ்=50.00
பிட்ரேட்=1000.0கேபிட்ஸ்/எஸ்
டோட்டல்_சைஸ்=7400000
அவுட்_டைம்_யுஎஸ்=59200000
அவுட்_டைம்_எம்எஸ்=59200000
அவுட்_டைம்=00:00:59.200000
டூப்_ஃபிரேம்ஸ்=0
டிராப்_ஃபிரேம்ஸ்=0
ஸ்பீடு=2எக்ஸ்
புரோகிரஸ்=கண்டின்யூ

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு தொகுதி முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். வேலை முழுதும் முடிந்தபின் வரும் கடைசித் தொகுதியில் கண்டின்யூ இருக்கும் இடத்தில் எண்ட் என்று வரும்.

மனிதருக்கான வரியை வெட்டி எடுக்கும் ஸ்கிரிப்ட்களை நான் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வரியின் வடிவம் நிரந்தரமல்ல. பழைய பதிப்புகளில் அளவை கேபி என்று காட்டியது, புதியவற்றில் கேஐபி என்று காட்டுகிறது. அண்மைப் பதிப்புகளில் எலாப்ஸ்டு என்று ஒரு புதுத் தகவலும் சேர்ந்திருக்கிறது. 'ஏழாவது சொல்லை எடு' என்று எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு நாள் தவறான சொல்லை எடுத்துத் தரும், அதுவும் எச்சரிக்கை எதுவும் இல்லாமல்.

அவுட்_டைம்_எம்எஸ் மதிப்பை 1000 ஆல் வகுத்தேன். ஒரு நிமிட வீடியோ 16 மணி நேரம் என்கிறதே!

மேலே உள்ள எடுத்துக்காட்டை மறுபடி பாருங்கள். யுஎஸ், எம்எஸ் இரண்டிலும் ஒரே எண். எம்எஸ் என்ற பெயரைப் பார்த்தால் மில்லிநொடி என்றுதான் யாரும் நினைப்போம். உண்மையில் அதில் இருப்பது மைக்ரோநொடி. பழைய பிழை. திருத்தினால் அதை நம்பி எழுதிய நிரல்களெல்லாம் உடையும் என்பதால் அப்படியே விட்டுவிட்டு, சரியான பெயரில் யுஎஸ் என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். யுஎஸ்ஸை எடுத்து 10,00,000 ஆல் வகுங்கள், நொடி கிடைக்கும். எம்எஸ்ஸைத் தொடவே வேண்டாம்.

சதவீதம் காட்ட வேண்டும். எஃப்எஃப்எம்பெக் தராதா?

தராது. மொத்த நீளத்தை நீங்கள்தான் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே வரும் எஃப்எஃப்புரோப் அதற்குத்தான்:

எஃப்எஃப்புரோப் -வி எரர் -ஷோ_என்ட்ரீஸ் ஃபார்மேட்=டியூரேஷன் -ஓஎஃப் டீஃபால்ட்=நோபிரிண்ட்_ராப்பர்ஸ்=1:நோகீ=1 பாடம்.எம்கேவி

நொடிக்கணக்கில் வெறும் எண் மட்டும் வரும். 45 நிமிடப் பாடம் என்றால் 2700. மேலே கண்ட தொகுதியில் 59.2 நொடி முடிந்திருக்கிறது. 59.2 ஐ 2700 ஆல் வகுத்தால் 2.19 சதவீதம். மீதி நேரம் வேண்டுமா? மிச்சமுள்ள 2640.8 நொடியை வேகம் 2 ஆல் வகுத்தால் 1320 நொடி, 22 நிமிடம். சரியாகவே வரும். ஆனால் வீடியோவில் ஒரு பகுதி அசைவில்லாத பலகையும் அடுத்த பகுதி ஆட்டபாட்டமுமாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும். மீதி நேரத்தை நம்பி அடுப்பில் பால் வைக்க வேண்டாம்.

கணக்கு பிசகும் இடங்கள் சில உண்டு. -எஸ்எஸ், -டி கொடுத்து ஒரு துண்டை மட்டும் வெட்டினால், மொத்தம் என்பது அந்தத் துண்டின் நீளம், கோப்பின் நீளமல்ல. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் போட்டிருந்தால், அவுட்_டைம் வெளியே போகும் கோப்பின் நேரம் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு முறை ஓட்டும் டூ பாஸ் என்கோடில் பட்டை 100 வரை போய் மறுபடி 0 இலிருந்து தொடங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம், சமமாக இருக்காது என்றாலும். நேரலையை மாற்றுகிறீர்கள் என்றால் மொத்தமே கிடையாது, சதவீதத்தை மறந்துவிடுங்கள்.

அப்புறம், ஓட்டத்தின் தொடக்கத்தில் சில மதிப்புகள் எண்ணாக இல்லாமல் என்/ஏ என்று வரும். அதை அப்படியே கணக்கில் போட்டால் ஸ்கிரிப்ட் முதல் நொடியிலேயே விழுந்துவிடும். எண்தானா என்று பார்த்துவிட்டு வகுங்கள். ஸ்பீடு மதிப்பின் முன்னால் வெற்றிடமும் பின்னால் எக்ஸும் ஒட்டிக்கொண்டு வரலாம், இரண்டையும் உரித்தெடுக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் வீடியோவே போகிறது. முன்னேற்றத்தை எங்கே அனுப்புவது?

பைப்:3 என்று கொடுத்துவிட்டு, கட்டளையின் முடிவில் 3>நிலை.டெக்ஸ்ட் என்று எழுதுங்கள். மூன்றாம் வாசல் திறந்துகொள்ளும். அல்லது -புரோகிரஸ் என்பதன் அருகே நேரடியாகக் கோப்பின் பெயரையே கொடுக்கலாம். வேறொரு டெர்மினலில் டெயில் -எஃப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஹெச்டிடிபி முகவரியும் ஏற்கும், சேவையகத்தில் ஓட்டுபவர்களுக்கு அது வசதி.

எனக்கு முன்னேற்றமே வேண்டாம். பிழை வந்தால் மட்டும் சொன்னால் போதும்.

-வி எரர் -நோஸ்டாட்ஸ். அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, கோடெக் விவரம், பதிப்பு விவரம் என்று வரும் நீளமான முன்னுரை எல்லாம் வேண்டாம், அந்த ஒற்றை வரியும் பிழைகளும் மட்டும் வேண்டும் என்றால் -வி எரர் -ஸ்டாட்ஸ் கொடுங்கள். வடிகட்டி கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவை இதுதான். கிரெப்பே வேண்டியதில்லை.

கிரெப் சேர்த்ததிலிருந்து ஸ்கிரிப்ட் சில நேரம் அப்படியே உறைந்து நிற்கிறது.

வெளியீட்டுக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஃப்எஃப்எம்பெக் 'மேலே எழுதட்டுமா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்தக் கேள்வியின் முடிவில் புதுவரிக் குறி இல்லை. ஆகவே கிரெப் அதைக் காட்டாது. அது கேட்டது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பதில் சொல்லாதது அதற்குப் புரியாது. இருவரும் விடியவிடியக் காத்திருக்கலாம்.

நான் காத்திருந்திருக்கிறேன். முப்பது பாடப் பதிவுகளை இரவோடு இரவாக மாற்றிவிடலாம் என்று ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஒன்றுகூட மாறவில்லை. முந்தைய மாலை சோதனைக்காக ஓட்டிப் பாதியில் நிறுத்திய முதல் கோப்பு அங்கேயே கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஸ்கிரிப்ட்டாக இருந்தாலும் -ஒய் அல்லது -என், இரண்டில் ஒன்று இல்லாமல் எழுதுவதில்லை. முதலாவது கேட்காமல் மேலே எழுதும், இரண்டாவது கேட்காமல் விலகிவிடும்.

கோப்புப் பட்டியலை வைல் ரீட் சுழலில் ஓட்டுகிறேன். முதல் கோப்பு சரி. அடுத்ததற்கு 'கோப்பு இல்லை' என்கிறது, பெயரில் முதல் சில எழுத்துகளைக் காணோம்.

எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகையையும் கவனித்துக்கொண்டிருக்கும். க்யூ அழுத்தினால் நிற்பது அதனால்தான். சுழலுக்குள் இருக்கும்போது அதற்கு விசைப்பலகை என்பது உங்கள் கோப்புப் பட்டியல்தான். பட்டியலின் எழுத்துகளை அது தின்றுவிடுகிறது. -நோஸ்டிடின் கொடுங்கள். முடிவில் ஆம்பர்சண்ட் போட்டுப் பின்னணிக்கு அனுப்பியதும் வேலை நின்றுபோகிறது என்பவர்களுக்கும் இதே மருந்து.

என்கோடு தோற்றாலும் ஸ்கிரிப்ட் 'வெற்றி' என்கிறது.

பைப் வரிசையின் முடிவுநிலை கடைசி நிரலுடையது. எஃப்எஃப்எம்பெக் தோற்றாலும் கிரெப் ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டால் 0 தான், அதாவது வெற்றி என்றுதான் வரும். வரிசையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்ல வைக்கும் செட் -ஓ பைப்ஃபெயில் போடச் சொல்வார்கள் (இது பாஷின் கட்டளை, மேலே பார்த்த செட் நிரல் அல்ல). போடலாம். ஆனால் கிரெப்புக்கு ஒரு வரிகூட அகப்படாவிட்டால் அதுவும் 1 தரும், அதையும் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக் என்ன சொன்னது என்பது மட்டும் வேண்டுமென்றால், வரிசை முடிந்த உடனே, இடையில் வேறு கட்டளை எதுவும் ஓடுவதற்குள், பைப்ஸ்டேட்டஸ் அணியின் 0 ஆவது உறுப்பைப் பாருங்கள்.

பைத்தானில் எழுதினேன். கொஞ்ச நேரம் ஓடி அப்புறம் அசையாமல் நிற்கிறது.

ஸ்டாண்டர்டு அவுட்புட், ஸ்டாண்டர்டு எரர் இரண்டுக்கும் பைப் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் படிக்கிறீர்கள். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். படிக்காமல் விட்ட பைப் நிரம்பியதும் எஃப்எஃப்எம்பெக் எழுத முடியாமல் நிற்கும். நீங்களோ மற்ற பைப்பில் அது எழுதும் என்று காத்திருப்பீர்கள். -வி எரர் -நோஸ்டாட்ஸ் கொடுத்து எரர் பக்கத்தை மெலிதாக்குங்கள். அதையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் முழு நிம்மதி. டெக்ஸ்ட்=ட்ரூ கொடுத்திருந்தால் பைத்தான் கேரேஜ் ரிட்டர்னையும் வரி முடிவாகவே எடுத்துக்கொள்ளும், டிஆர் வேலை அங்கே மிச்சம்.

அரை நொடிக்கு ஒருமுறை என்பது அதிகம். குறைக்கலாமா?

-ஸ்டாட்ஸ்_பீரியட் 5 என்றால் 5 நொடிக்கு ஒன்று. 4.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. திரை வரி, -புரோகிரஸ் இரண்டுக்கும் பொருந்தும்.

லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக ஓட்டுகிறேன். அதன் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் 'பிளாப் டேட்டா' என்று மட்டும் தெரிகிறது.

அதே கேரேஜ் ரிட்டர்ன்தான். அச்சிட முடியாத குறி கலந்த வரியை ஜர்னல் அப்படி மூடிக் காட்டும். -நோஸ்டாட்ஸ் போட்டால் சரியாகிவிடும். உள்ளே என்ன என்று பார்க்க ஜர்னல்சிடிஎல்லுக்கு -ஏ கொடுங்கள்.

வீடியோ மாற்றும் ஹேண்ட்பிரேக், வீடியோ பதிவிறக்கும் ஒய்டி-டிஎல்பி இவற்றுக்கும் இப்படித்தானா?

முடிச்சுகள் அதே மூன்று, இடம்தான் மாறும். ஹேண்ட்பிரேக்கின் கட்டளைவரி வடிவம் சதவீதத்தை ஸ்டாண்டர்டு அவுட்புட்டிலும் லாக் விவரத்தை எரரிலும் எழுதுகிறது, எஃப்எஃப்எம்பெக் போல எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொட்டுவதில்லை. அதற்கு --ஜேசன் என்ற விருப்பம் இருக்கிறது. ஒய்டி-டிஎல்பிக்கு --நியூலைன் கொடுத்தால் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் தனி வரியாகத் தரும். எந்தக் கருவியானாலும், டிஆரையும் கிரெப்பையும் கோக்கத் தொடங்குமுன் அதன் உதவிப் பக்கத்தில் இப்படி ஒரு விருப்பம் இருக்கிறதா என்று இரண்டு நிமிடம் தேடிப் பாருங்கள்.